செல்வராணியும் சிவப்புத் துணியும்

செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. காலாண்டு விடுமுறை முடிய இருந்தது. படவேட்டில் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்துப் பார்த்தால், நம் தாவரவியல் ஆசிரியை செல்வராணி ஆற்காட்டில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமானார் என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்தக் கைகளுக்கு நடுவிலேயே ஒருவர், பள்ளி திறக்கிற அன்று பாடப்புத்தகங்களை எந்த அறையில் வைத்துக் கொடுப்பது என்று கேட்டிருந்தார். அதற்கும் உடனே பதில் வந்திருந்தது. பதில் சொன்னவருக்கும் இரண்டு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

அன்றைக்கு மூண்ட கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இந்த அஞ்சலியை அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் உறைவிடப் பள்ளிக்கு நான் வரலாற்று ஆசிரியையாக மாறுதலாகி வந்தபோது, ஜமுனாமரத்தூரில் தங்க வீடு கிடைக்கவில்லை. செல்வராணி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் வாரக் கடைசியில் மலையிறங்கி அவரவர் வீட்டுக்குப் போகிறவர்கள். சேர்ந்து இருக்கலாம் என்றார். போன முதல் நாள் மாலை, வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று வாசலில் மண்டிக்கிடந்ததையெல்லாம் பிடுங்கிப் போட ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பிடுங்கிய ஒரு செடியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். புல்லு என்றேன். கரும்புத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். எங்களுக்குக் கரும்பைத் தவிர மற்றதெல்லாம் புல்லுதான்.

"பேரைக் கேட்டுட்டு அப்புறம் பிடுங்கு" என்றார். அறிமுகமாகி அரை நாள் கூட ஆகவில்லை, அதற்குள் ஒருமை.

அன்று இரவுச் சமையலுக்கு முன்னால் எனக்குப் பாடம் நடந்தது. என் கையில் இருந்ததில் பாதி மூக்கிரட்டை, பாதி சாரணை. இரண்டும் தரையோடு படரும், இரண்டுக்கும் வட்ட இலை, சின்ன ரோஜா நிறப் பூ. சாரணையின் தண்டு சதைப்பிடிப்பாக இருக்கும், பூ இலைக் கணுவிலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும். மூக்கிரட்டையின் பூவோ மெல்லிய காம்பு நீட்டிக் கொத்தாக வெளியே வந்துவிடும், காய் சேலையில் ஒட்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், இலையைத் திருப்பிக் காட்டி அடிப்பக்கத்தின் வெளிறலைப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பசி. இரண்டையும் சட்டியில் போட்டுவிட்டால் ஒன்றுதானே என்றேன். மறுநாள் காலை வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவரை மென்மையானவர் என்றார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். மென்மையாவது ஒன்றாவது. மாணவர்கள் அவருக்கு நடுங்குவார்கள். அவருடைய செய்முறைத் தேர்வு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கூடை நிறையச் செடிகளைக் கொண்டுவந்து கொட்டுவார். பூத்த செடியை எடுத்துக்கொண்டு பெயர் சொல்கிற பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. "பூ பூத்தப்புறம் எவன் வேணா சொல்லுவான். ரெண்டு இலை வுடும்போது சொல்லு, அப்பதான் நீ தின்ன முடியும்" என்பார். அதில் நியாயம் இருந்தது. பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் இளசாக இருக்கும்போதுதான் பறிக்க வேண்டும். பண்ணைக்கீரை ரோஜாவும் வெள்ளையுமாகக் கதிர் விட்டு அழகாக நிற்கும்போது அதன் இலை வாய்க்கு உதவாது. ஊமத்தையின் கன்றும் அந்த இளம் பருவத்தில்தான் கீரைகளுக்கு நடுவில் கலந்து நின்று ஆளை ஏமாற்றும்.

தரையோடு படர்ந்த சிறுபசலையைப் பறிக்கும்போது அதைப் போலவே இருக்கிற சித்திரப்பாலாடையும் கையில் வந்துவிடும். அதற்கு அவர் ஒரே வழிதான் சொல்வார்: தண்டை ஒடி, பால் வந்தால் கீழே போடு. பால் வருகிற செடியிலும் தின்னக்கூடியது உண்டே என்று யாராவது கெட்டிக்காரத்தனமாகக் கேட்டால், தெரிஞ்சவங்க தின்னட்டும், நீ போடு என்பார். இந்த வாக்குவாதத்தைப் பல வருடங்கள் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் குரலுக்கு முன்னால் என் மொகலாயர்கள் பாவம், எடுபடவே மாட்டார்கள்.

ஒருமுறை ஒரு மாணவியின் தகப்பனார் சண்டைக்கு வந்தார். மகளை மருத்துவம் படிக்க வைக்க வேண்டும் என்று இருந்தவர் அவர். "இன்னா டீச்சர், கீரை பறிக்கறதுக்கா இஸ்கூலுக்கு அனுப்பறோம்? அத எங்க கொல்லையிலேயே கத்துக்காதா?" என்று கேட்டார். செல்வராணி அவரைக் கையோடு பள்ளிக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். தட்டு கழுவுகிற குழாய்களிலிருந்து தண்ணீர் ஓடித் தேங்குகிற மூலை அது. குப்பைமேனி, தும்பை, நீலப் பூவோடு கானாவாழை, மஞ்சள் பூவோடு புளியாரை, கீரைகள் எல்லாம் அங்கே தாமாகவே முளைக்கும். அவர் எதையும் விதைத்ததில்லை, விடுதிச் சமையலுக்குக் கீரை கிள்ளலாமே தவிர யாரையும் பிடுங்க விட்டதில்லை. அந்தத் தகப்பனார் கொல்லைக்காரர், மலை நிலத்தில் பயிர் செய்கிறவர். கடகடவென்று எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டார். மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவளுக்குத் தும்பையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சின்ன வயதிலேயே விடுதிக்கு வந்துவிட்ட பிள்ளை, எந்தக் கொல்லையில் போய்க் கற்றுக்கொள்ளும்? தகப்பனார் செல்வராணி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மூலைக்கு ஒரு பெயர்ப்பலகை வைக்கலாமே என்று நானே சொல்லியிருக்கிறேன். வைத்தால் பிள்ளைகள் செடியை விட்டுவிட்டுப் பலகையைப் படிப்பார்கள் என்று மறுத்துவிட்டார்.

இப்போது பொன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே ஒரு சிற்றூரில் சாமை பயிரிடுகிற குடும்பம். அவர் மகள் மல்லிகா எங்களிடம் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. கொல்லையில் விளைகிற சாமைக்குத்தான் சொந்தக்காரர். அதற்கிடையிலும் வரப்பிலும் தானாக முளைக்கிற கீரைக்குச் சொந்தக்காரர் கிடையாது. யார் கொல்லையிலும் யாரும் இறங்கிப் பறிக்கலாம், கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தான் தப்பு, ஏன் நம்மை வேற்றாளாக நினைக்கிறாள் என்று வருத்தப்படுவார்கள். அப்படித்தான் பொன்னியம்மா பக்கத்துக் கொல்லைக்காரர் வேடியப்பனின் வரப்பில் ஒரு மடி தொய்யக்கீரை பறித்துக்கொண்டுபோய்க் கடைந்தார். வேடியப்பன் முதல் நாள்தான் அந்த வரப்புக்குக் களைமருந்து அடித்திருந்தார். மருந்து பட்ட கீரை உடனே வாடாது, இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும். பொன்னியம்மா கேட்கவில்லை, வேடியப்பன் சொல்லவில்லை. இரண்டும் வழக்கப்படியே நடந்தது.

வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் வாந்தி. மற்றவர்கள் ஜமுனாமரத்தூரிலேயே தேறிவிட்டார்கள். பொன்னியம்மாவை மட்டும் வேலூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் பிழைத்து வந்து நிமிர்ந்து நடக்க ஆறு மாதம் ஆயிற்று. தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிய மல்லிகா பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. செல்வராணி மூன்று முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

செல்வராணி ஆத்திரத்தில் கொதித்தது எதற்குத் தெரியுமா? ஊரில் எல்லோரும் பழியைக் கீரையின் மேல் போட்டார்கள். தொய்யக்கீரையில் விஷம் கீது, இனிமே தொடக்கூடாது என்று பேச்சு பரவியது. எங்கள் பள்ளியில் படித்தவர்களே அப்படிச் சொன்னார்கள். அவர் வேடியப்பனின் வரப்புக்கே போய்ப் பார்த்தார், நானும் கூடப் போனேன். வரப்பு முழுக்கப் புல்லும் கீரையும் ஒரே சீராக மஞ்சளடித்துக் கிடந்தன. காலி மருந்து டப்பா அங்கேயே உருண்டுகொண்டிருந்தது.

வேடியப்பன் கெட்ட மனிதர் இல்லை. பொன்னியம்மாவை வேலூர் வண்டியில் ஏற்ற ஓடியவர்களில் அவரும் ஒருவர். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், நான் ஒருத்தன் என்ன செய்வேன் என்றார். மருந்து அடிக்காதே என்று செல்வராணி சொல்லவில்லை. அடித்தால் வரப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டு, மருந்து பட்ட செடி காய்ந்து மக்கும் வரைக்கும் அவிழ்க்காதே என்று மட்டும் கேட்டார். அதற்கு வேடியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"துணி கட்டுனா என் கொல்லையில கால் வெக்காதன்னு சொல்ற மாதிரி ஆய்டுங்க டீச்சர். நாளைக்கு என் வூட்டு நல்லது கெட்டதுக்கு எவன் வருவான்?"

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்து செல்வராணி ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார். ஊர்ப் பெரியவர்களிடம் போனார். சந்தை நாளில் மருந்துக் கடை வாசலில் நின்று, டப்பாவோடு வெளியே வருகிறவர்களை மறித்தார். கடைக்காரர் என்னிடம் வந்து, உங்க டீச்சரைக் கூட்டிட்டுப் போங்க என்று கெஞ்சினார். கடைசியில் வழி திறந்தது பொன்னியம்மாவால். ஊர் கூடியிருந்த இடத்துக்கு மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். துணி கட்டுகிறவன் என்னை வராதே என்று சொல்லவில்லை, சாகாதே என்று சொல்கிறான், நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். அதற்குப் பிறகு ஊர் ஒத்துக்கொண்டது.

முதல் துணி எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. வேலூரில் நான் ஆசையாக வாங்கிவந்த சன்னல் திரை, நல்ல இரத்தச் சிவப்பு. ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தபோது அதைக் கத்தரித்துப் பட்டை பட்டையாகக் கிழித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் சன்னல் மொட்டையாக நிற்கிறது. அவர் மன்னிப்புக் கேட்கிற ஜாதியா? "நீதான் சொல்வியே, சரித்திரத்துல இடம் வேணும்னு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் மருந்து அடித்த கொல்லைகளில் சிவப்புத் துணி பறக்க ஆரம்பித்தது. துணி இல்லாத வரப்பில் பெண்கள் முன்போலவே கேட்காமல் இறங்கினார்கள்.

இனி அந்த இரங்கல் கூட்டம்.

பள்ளி திறந்த அடுத்த வாரம் நடந்தது. அதற்கு முந்தைய நாட்களில் நான் திருவண்ணாமலையில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தேன். கூட்டத்தன்று காலைப் பேருந்தில்தான் மேலே வந்தேன். பந்தல் போட்டிருந்தார்கள், நடைபாதையின் இருபுறமும் சுண்ணாம்புக் கோடு. மேசையில் சிவப்பு விரிப்பு, அதன் மேல் மாலை போட்ட அவருடைய படம். படத்திலும் அவர் யாரையோ முறைத்துக்கொண்டுதான் இருந்தார். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, பூப்போன்ற மனம், மாறாத புன்னகை, அதிர்ந்து பேசாத நாக்கு என்று அடுக்கினார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. வகுப்பை வெளியே நடத்துகிறார் என்று செல்வராணிக்கு இரண்டு முறை விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தவர் அவர்தான்.

பொன்னியம்மாவும் வந்திருந்தார். கூட்டம் தொடங்குமுன் குழாயடிப் பக்கம் முகம் கழுவப் போன நான், அவர் அந்த மூலையில் குந்தியிருந்ததைப் பார்த்தேன். மடியில் கீரை நிறைந்துகொண்டிருந்தது. டீச்சர் நினைப்பாக இன்றைக்கு இதைத்தான் வீட்டில் ஆக்க வேண்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பறித்ததில் இரண்டு காம்பை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் உடற்கல்வி ஆசிரியர். கூட்ட ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு. மேடையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் சாய்ந்து, இடம் எப்படி இருக்கிறது மேடம் என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "முந்தாநாள்தான் சுத்தி எல்லாத்துக்கும் களைமருந்து அடிச்சோம். அந்தக் குழாயடி காட்டுக்கும் சேத்து. பாருங்க, இன்னும் ரெண்டு நாள்ல மொத்தமா காஞ்சிடும்" என்றார். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

செல்வராணி கட்டிக் காத்த மூலையை, செல்வராணிக்கு அஞ்சலி செலுத்துவதற்காகக் கொன்றிருக்கிறார்கள்.

நான் எழுந்து ஓடினேன். பொன்னியம்மா பந்தலின் கடைசி வரிசையில், கீரை மடியோடு உட்கார்ந்திருந்தார். அந்த மடியைத் தட்டிவிட்டேன். கீரையெல்லாம் தரையில் சிதறியது, என் பையிலிருந்த இரண்டு காம்பையும் அதோடு எறிந்தேன். அவர் மிரண்டுபோனார். மருந்து அடித்திருக்கிறார்கள், வாயில் வைத்தீர்களா என்று கத்தினேன். இல்லை என்று தலையாட்டினார். கையைப் பார்த்தார். புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"துணி கட்டலையே, டீச்சர்?"

தலைமையாசிரியர் மைக்கிலேயே, அங்கே ஒரு பெயர்ப்பலகை இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றார். நான் மேடைக்குப் போனேன். செல்வராணியின் படத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். மாலையோடு அதைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். மேசையிலிருந்த சிவப்பு விரிப்பை உருவினேன், பூத்தட்டு கவிழ்ந்தது, கவிழட்டும் என்று விட்டேன். குழாயடிக்குப் போய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குழாய்க் கம்பியிலிருந்து சுவர் ஆணி வரைக்கும் கட்டினேன். விடுதிச் சமையலுக்கு அங்கேதான் கீரை பறிப்பார்கள் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த மூன்று நாளும் அங்கே யாரும் பறிக்கவில்லை என்று சமையல்கார அம்மா வந்து சொல்லும் வரைக்கும் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். பொன்னியம்மா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு முடிச்சை இறுக்கிக் கட்டினார்.

நான் கூட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். கெடுத்தேன்தான். விரிப்பு பள்ளியின் உடைமை, திருப்பித் தர வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூலை இப்போது முழுக்க மஞ்சளாகக் காய்ந்துவிட்டது. அது மக்கி, மழை பெய்து, இரண்டு இலை விட்டு ஏதாவது முளைக்கட்டும். முளைத்தது இன்னதென்று பெயர் சொல்ல யாராவது வரட்டும். பிறகு துணியை அவிழ்க்கலாம்.

அவரிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். செடிகளின் பெயர்கள் எனக்குப் பாதிதான் தெரியும். மூக்கிரட்டையையும் சாரணையையும் இப்போதும் ஒருமுறை புரட்டிப் பார்த்துத்தான் சொல்வேன். எங்கள் சன்னலுக்கு நான் இன்னொரு திரை வாங்கவே இல்லை. என்னிடம் இருப்பது அவருடைய கோபமும், மேசை விரிப்பில் கிழித்தது போக மிச்சமான சிவப்புத் துணியும்தான். துணி என் கைப்பையில் இருக்கிறது. அவருக்காகக் கை கூப்பிய உங்களில் யாராவது நாளைக்கு மருந்து டப்பாவைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் என்னிடம் வந்து ஒரு துண்டு கிழித்துக்கொண்டு போங்கள்.